எழுபது வளைவும் ஓர் ஊசித்துளையும்

காரவள்ளி அடிவாரத்தில் பழைய யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் சீறிக்கொண்டு கிளம்பும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பாதிக்கு மேல் ஏறியதும் அதன் குரல் மாறும். ஆக்ஸிலரேட்டரை முறுக்கினால் உடனே எகிறாது. சற்றுத் தயங்கி, கரகரத்து, புகை தள்ளிவிட்டுத்தான் இழுக்கும். கார்பரேட்டரில் பெட்ரோல் ஏற்கெனவே தாராளமாக வைக்கப்பட்ட வண்டியாக இருந்தால், மேலே சோளக்காட்டில் ப்ளக்கைக் கழற்றும்போது முனை கறுத்து ஈரமாக இருக்கும். என்ஜினும் அதேதான், டேங்கில் உள்ள பெட்ரோலும் அதேதான். மாறியது காற்று.

அடிவாரம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 200 மீட்டர் உயரம். மேலே ஊர்கள் 1,000 முதல் 1,300 மீட்டர் வரை பரவிக் கிடக்கின்றன. வளிமண்டலக் கணக்குப்படி 200 மீட்டரில் ஒரு கனமீட்டர் காற்று சுமார் 1.20 கிலோ எடை இருக்கும். 1,200 மீட்டரில் 1.09 கிலோதான். ஒன்பது விழுக்காடு குறைவு. என்ஜினுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனும் அதே அளவு குறைகிறது, இழுவையும் கிட்டத்தட்ட அதே அளவு குறைகிறது. அந்த இழப்பை எந்த மெக்கானிக்காலும் திருப்பித் தர முடியாது.

ஆனால் கரகரப்புக்குக் காரணம் வேறு. கார்பரேட்டரின் குறுகிய தொண்டை வழியே காற்று விரைந்து போகும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. 1738இல் பெர்னூலி எழுதியதும் 1797இல் வெஞ்சுரி சோதித்துக் காட்டியதும் இந்த விதியைத்தான். அழுத்தம் குறைந்த இடத்துக்குக் கீழே உள்ள கிண்ணத்திலிருந்து பெட்ரோல் உறிஞ்சப்படுகிறது. அது வரும் வழி மெயின் ஜெட் என்ற பித்தளைத் திருகின் நடுவே உள்ள, ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் துளை. இங்கேதான் சிக்கல். காற்றின் அடர்த்தி 9 விழுக்காடு குறைந்தால் உறிஞ்சப்படும் பெட்ரோலும் 9 விழுக்காடு குறைவதில்லை. அடர்த்தியின் வர்க்கமூலத்தை ஒட்டி, ஏறக்குறைய 5 விழுக்காடுதான் குறைகிறது. ஆக, மலைமேல் கலவையில் பெட்ரோல் சுமார் 5 விழுக்காடு மிகுந்துவிடுகிறது.

இதற்கு நம் இளைஞர்கள் பலர் செய்யும் வைத்தியம் ஏர் பாக்ஸில் கைவைப்பது. மூடியைக் கழற்றுவார்கள், பக்கத்தில் துளை போடுவார்கள், அல்லது பெட்டியையே எடுத்துவிட்டுக் கூம்பு ஃபில்டர் மாட்டுவார்கள். உறிஞ்சும் ஓசை ‘கொர்ர்’ என்று எழும்பும். சத்தம் கூடியதைச் சக்தி கூடியதாக எடுத்துக்கொள்வது எளிது.

அந்தப் பெட்டி எதற்கு இருக்கிறது என்று பார்க்கலாம். 1985 நவம்பரில் இந்தியாவில் அறிமுகமாகி 1996 வரை தயாரான ஆர்எக்ஸ் 100இன் சிலிண்டர் 50 மில்லிமீட்டர் விட்டமும் 50 மில்லிமீட்டர் ஓட்டமும் கொண்டது, 98 சிசி. நிமிடத்துக்கு 7,500 சுற்றில் 11 குதிரைத்திறன். டூ ஸ்ட்ரோக் என்பதால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை காற்றை இழுக்கிறது. அதாவது வினாடிக்கு 125 முறை. இந்த விட்டுவிட்டு இழுக்கும் துடிப்பைத் தாங்கிச் சமன்செய்வது ஏர் பாக்ஸின் வேலை. அதன் கொள்ளளவும் வாயின் அகலமும் என்ஜினோடு சேர்த்து வடிவமைக்கப்பட்டவை. பெட்டியும் ஃபில்டரும் காற்றுக்குத் தரும் சிறு தடையையும் கணக்கில் சேர்த்துத்தான் ஜெட்டின் துளை முடிவாகிறது. பெட்டியைத் திறந்தால் தடை குறைகிறது. காற்று கூடுகிறது, பெட்ரோலை இழுக்கும் விசை குறைகிறது. கலவை வறண்டுபோகிறது.

மலைமேல் இந்த வறட்சி உடனே தெரியாது. அங்கே பெட்ரோல் மிகுதியாக இருப்பதால் இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டி, வண்டி துடிப்பாகக்கூட ஓடும். இதுதான் ஆபத்து. அதே வண்டி கீழே இறங்கி, நாமக்கல் வெயிலில் சேலம் நெடுஞ்சாலையில் முழு முறுக்கில் பத்து நிமிடம் ஓடினால் பிஸ்டன் சூடேறி விரிந்து சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளக்கூடும். என்ஜின் ஜாம். சில நேரம் பிஸ்டன் தலையிலேயே ஓட்டை விழும். பழைய டிவிஎஸ் 50 போலப் பெட்ரோலிலேயே ஆயில் கலந்து ஊற்றும் வண்டிகளில் கேடு இரட்டிப்பு: பெட்ரோல் குறைந்தால் மசகும் குறைகிறது.

அமெரிக்காவின் மணல்மேடுகளில் ஏடிவி எனும் நான்கு சக்கர வண்டி ஓட்டுபவர்கள் இதை நன்றாக அறிவார்கள். 1987இல் வந்த யமஹா பான்ஷீ என்ற ஏடிவியின் 347 சிசி இரட்டைச் சிலிண்டர் என்ஜின், நம் ஊரில் ராஜ்தூத் 350 என்று ஓடிய ஆர்டி 350இன் குடும்பத்தைச் சேர்ந்தது. அதை வாங்கியவர்கள் பலரும் முதலில் செய்வது ஏர் பாக்ஸ் மூடியைக் கழற்றுவது. கையோடு செய்வது இரண்டு கார்பரேட்டருக்கும் பெரிய மெயின் ஜெட் போடுவது. முதல் வேலை மட்டும் இங்கே பரவி, இரண்டாவது வேலை விட்டுப்போயிற்று.

ஜெட் மாற்றத்திலும் ஒழுங்கு உண்டு. முறுக்கின் முதல் கால்பங்கைப் பெரும்பாலும் பைலட் ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும் ஆள்கின்றன, நடுப்பகுதியை ஊசி, கடைசிக் கால்பங்கை மெயின் ஜெட். ஐடிலில் திணறும் வண்டிக்கு மெயின் ஜெட்டை மாற்றிப் பயனில்லை. பெரிய ஜெட்டில் தொடங்கி ஒவ்வோர் எண்ணாக இறங்கி வருவதே பாதுகாப்பு. ஒவ்வொரு முறையும் முழு முறுக்கில் ஓட்டி, அப்படியே கிளட்ச்சைப் பிடித்து என்ஜினை அணைத்து, ப்ளக்கைப் பார்க்க வேண்டும். இளம் பழுப்பு சரி, கறுப்பு மிகுதி, வெளுப்பு வறட்சி. வெளுப்பு தெரிந்த பின் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக் கூடாது.

இப்போது இன்னொரு கணக்கும் சேர்ந்திருக்கிறது. பங்க்குகளில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். சுத்தமான பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். இந்தக் கலவைக்குச் சுமார் 13.5 கிலோ போதும். 1985இல் தீர்மானித்த ஜெட்டுக்கு இது ஏறக்குறைய 8 விழுக்காடு வறட்சி. அதன்மேல் ஏர் பாக்ஸையும் திறப்பது என்ஜினை வேண்டுமென்றே எரிப்பதற்குச் சமம்.

இறக்கத்திலும் கவனம் வேண்டும். முறுக்கை முழுதாக மூடி, கியரில் வைத்து 70 வளைவும் இறங்கும்போது என்ஜின் வேகமாகச் சுழல்கிறது, பெட்ரோலோ சொட்டுத்தான். ஆயில் கலந்து ஊற்றும் வண்டியில் மசகும் சொட்டுத்தான். சுவீடனின் சாப் நிறுவனம் தன் டூ ஸ்ட்ரோக் கார்களில், ஆக்ஸிலரேட்டரை விட்டதும் சக்கரம் என்ஜினைச் சுழற்றாதபடி ஒரு தனி அமைப்பையே வைத்தது இதற்காகத்தான். அது இல்லாத நம் வண்டியில் சில வளைவுகளுக்கு ஒருமுறை கிளட்ச்சைப் பிடித்து லேசாக முறுக்கிவிட்டால் போதும்.

ஒருநாள் பயணமாகக் கொல்லிமலை போய்வருபவர் ஜெட்டைத் தொடவே வேண்டாம். ஃபில்டரைச் சுத்தம் செய்து, மேலே ஐடில் திணறினால் ஏர் ஸ்க்ரூவைக் கால் சுற்று வெளியே திருப்பி, கீழே வந்ததும் பழையபடி வைத்தால் போதும். செம்மேட்டிலேயே குடியிருந்து மலைமேலேயே ஓட்டுபவர், ப்ளக் கறுத்தால் மட்டும் மெயின் ஜெட்டில் ஓர் எண் இறங்கலாம்; சமவெளிக்கு வரும் முன் அதை மறக்காமல் மாற்ற வேண்டும். 2020இல் பிஎஸ் 6 விதி வந்தபின் புது வண்டிகளில் கார்பரேட்டர் அருகிவிட்டது. ஜெட்டைக் கண்ணால் பார்த்தே சொல்லும் மெக்கானிக்குகளும் குறைந்து வருகிறார்கள். அப்படி ஒருவர் உங்கள் ஊரில் இருந்தால் அவரிடம் வண்டியைக் கொடுங்கள். ஜெட்டின் எண், ஊசியின் கிளிப் எந்தப் பள்ளத்தில் இருக்கிறது, ஏர் ஸ்க்ரூ எத்தனை சுற்று என்பதை அவரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி, ஆர்சி புத்தகத்தோடு வைத்துக்கொள்ளுங்கள்.