ஓமக்குளத்து நந்தனார் பள்ளி: காக்க வேண்டிய வரலாறு

சிதம்பரம் நந்தனார் பள்ளி, தலைமுறை தலைமுறையாகப் பண்ணை அடிமைகளாக இருந்தவர்களின் பிள்ளைகளுக்காக 1916-இல் தொடங்கப்பட்டது.

கடலூரைத் தலைநகராகக் கொண்ட பழைய தென்னாற்காடு மாவட்டத்தில் ஆதிதிராவிடர் பலர் நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்டனர், ஒற்றியும் வைக்கப்பட்டனர். 1843-ஆம் ஆண்டின் 5-ஆவது சட்டம், ஒருவர் மற்றவரின் உடைமை என்ற வழக்கை நீதிமன்றங்கள் ஏற்கக் கூடாது என்றது. 1862-இல் நடைமுறைக்கு வந்த தண்டனைச் சட்டம் ஆள் விற்பனையைக் குற்றமாக்கியது. ஆனால் கடன் விடவில்லை. கல்யாணத்துக்கு வாங்கிய முன்பணம் தகப்பனுக்குப் பின் மகன் தலையில் ஏறியது. கூலி படி நெல்லாகவே வந்தது. குடிசை போட்ட மனையும் பண்ணையாருடையது. எதிர்த்துப் பேசினால் வேலையோடு வீடும் போகும். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வர 1976 ஆயிற்று.

ஆரணி அருகே மேல்புதுப்பாக்கத்தில் 1890-இல் பிறந்த சுவாமி சகஜானந்தர், 1910-இல் சிதம்பரம் வந்தார். அவர் 25 மாணவர்களோடு தொடங்கிய பள்ளிக்கு நந்தனார் பெயரை வைத்ததில் பொருள் இருக்கிறது. பெரியபுராணத்தில் திருநாளைப்போவார் எனப்படும் நந்தனாரை, தில்லை எனும் சிதம்பரத்துக்குப் போக ஆண்டையிடம் உத்தரவு கேட்டு நிற்கும் பண்ணையாளாகப் பாடியவர் கோபாலகிருஷ்ண பாரதி. நந்தனார் தீயில் இறங்கியதாக மக்கள் சொல்லும் ஓமக்குளத்தின் கரையில்தான் பள்ளி எழுந்தது. தீக்குளித்தால்தான் கோயிலுக்குள் வரலாம் என்ற கதை வழங்கும் இடத்தில், அதே மக்களின் பிள்ளைகள் சிலேட்டோடு உட்கார்ந்தார்கள். 1927-இல் காந்தி இங்கு வந்தார். சட்டமன்றத்திலும் பணியாற்றிய சகஜானந்தர் 1959-இல் மறைந்தார். இன்று ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி அரசு மேல்நிலைப் பள்ளிகள் நடக்கின்றன.

சகஜானந்தருக்கு அரசு மணிமண்டபம் எழுப்பியிருக்கிறது. அவரது சட்டமன்ற உரைகளும் நூலாகியுள்ளன. இவை நல்ல பணிகள், ஆனால் போதாதவை. தென்னாற்காட்டுக் கலெக்டர்களின் பழைய கோப்புகள் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. அவற்றில் பேசுவோர் அதிகாரிகளும் மிராசுதாரர்களுமே. பண்ணையாளின் குரல் அபூர்வம். அந்தக் குரல் மிஞ்சியிருப்பது சேரிப் பெரியவர்களின் நினைவில்தான். நடவுப் பாட்டு, கடன் கணக்கு, வீட்டிலிருந்து முதன்முதலில் பள்ளிக்குப் போனவரின் கதை என எல்லாமே அவர்களோடு போய்விடும்.

கடலூர் மாவட்டக் கல்லூரி மாணவர்கள் ஊர் ஊராகப் போய் இவற்றை ஒலிப்பதிவு செய்யலாம். பள்ளியின் பழைய பதிவேடுகளை மின்னாக்கம் செய்யும் பொறுப்பை ஆதிதிராவிடர் நலத்துறை ஏற்க வேண்டும். நந்தனார் பள்ளியில் படித்தவர்களும் வீட்டிலுள்ள பழைய படத்தையோ சான்றிதழையோ தூக்கிப் போடாமல், ஒரு நகலைப் பள்ளிக்குக் கொடுங்கள்.