சாதுவாக இருந்த நோய் சீறும்போது

1928-இல் அமெரிக்க நோய்க்குறியியல் நிபுணர் மாரிஸ் ரிக்டர் ஓர் ஆண் நோயாளியைப் பற்றி எழுதினார். வயது 46. நாள்பட்ட லிம்போசைட் ரத்தப் புற்றுநோய், அதாவது சி.எல்.எல். வழக்கமாக ஆண்டுக்கணக்கில் நகரும் நோய்தான். ஆனால் அவருக்கு நெறிகள் மளமளவென்று வீங்கின, விரைவிலேயே இறந்துபோனார். உடலை அறுத்து ஆராய்ந்தபோது, நெறிகளான அந்த நிணநீர்ச் சுரப்பிகளில் சி.எல்.எல்.லின் சிறிய செல்களோடு பெரிய, முரட்டுச் செல்களும் இருந்தன. ஒன்று மற்றதாக மாறியதா, இரண்டும் தனித்தனி நோய்களா என்று தீர்த்துச் சொல்ல அன்றைக்கு வழியில்லை. 1964-இல் பிரெஞ்சு மருத்துவர்கள் இந்த நிலைக்கு ரிக்டரின் பெயரையே சூட்டினார்கள்.

சி.எல்.எல். உள்ளவர்களில் நூற்றுக்கு இரண்டு முதல் பத்துப் பேருக்கு இது வருகிறது. அவர்களில் ஏறக்குறைய எண்பது விழுக்காட்டினருக்குப் பழைய செல்லின் வாரிசே அந்த முரட்டுச் செல்களாலான புதிய லிம்போமா, அதாவது நிணநீர்ப் புற்றுநோய், என்பதை இன்று மரபணுச் சோதனை காட்டிவிடுகிறது. மீதிப் பேருக்கு அது தொடர்பில்லாத வேறொரு நோய். அவர்கள் பிழைக்கும் வாய்ப்பும் கூடுதல். 2022-இல் பார்சிலோனா ஆய்வாளர்கள் வெளியிட்டது என்னை உலுக்கியது. லிம்போமா தலைகாட்டுவதற்கு 19 ஆண்டுகளுக்கு முன்பே, ஒரு நோயாளியிடம் அதன் விதைச் செல்கள் மிகச் சொற்ப அளவில் இருந்திருக்கின்றன!

அன்று பிணவறையில் தெரியவந்ததை இன்று ஆள் நடமாடும்போதே பிடிக்கலாம். பல நெறிகளில் ஒன்று மட்டும் திடீரெனப் பெருக்கிறதா, காரணமில்லாத காய்ச்சலா, இரவில் உடை நனையும் வியர்வையா, ரத்தத்தில் எல்.டி.எச். என்ற நொதி ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். பெட் ஸ்கேனில் அதிகமாக ஒளிரும் கட்டியைத் தேர்ந்து, முடிந்தவரை முழுசாக வெட்டியெடுத்து பயாப்சிக்கு அனுப்புகிறார்கள். ஊசியால் உறிஞ்சும் சில துளி போதாது. பெரிய செல்கள் கூடியிருக்கும் இடம் தப்பிவிடலாம். ‘பழைய நோய்தானே’ என்று இந்தச் சோதனையைத் தள்ளிப்போடுவதுதான் எனக்குப் பெரிய பயம்.

சிகிச்சை அந்த அளவுக்கு முன்னேறவில்லை. இப்ருடினிப், வெனிடோகிளாக்ஸ் போன்ற மாத்திரைகள் சி.எல்.எல்.லின் போக்கையே மாற்றின. ஆனால் முரடாக மாறிய நோயிடம் அவற்றின் பலன் பெரும்பாலும் நிலைப்பதில்லை. ஆர்-சாப் என்ற கீமோ கூட்டு மருந்து கொடுத்தாலும் பாதிப் பேர் ஓராண்டைத் தாண்டுவதில்லை. மருந்துக்கு இணங்கியவர்களில் உடல் தாங்குபவர்களுக்குப் பிறரது ஸ்டெம் செல் மாற்று கைகொடுக்கிறது. நோயாளியின் டி செல்களைத் திருத்திச் செலுத்தும் கார்-டி சிகிச்சையும், புற்றுச்செல்லையும் டி செல்லையும் சேர்த்துப் பிடிக்கும் எதிர்ப்பொருள்களும் சோதனையில் உள்ளன. எந்த மருந்தாய்வில் சேர இடமிருக்கிறது என்று பயாப்சி முடிவு வந்த அன்றே டாக்டரிடம் கேட்டுவிட வேண்டும்.