வாங்கும் முன் அளந்து பாருங்கள்

புடவை வாங்கினால் பிரித்துப் பார்க்கிறோம். மாம்பழம் வாங்கினால் முகர்ந்து பார்க்கிறோம். வீடு வாங்கும்போது மட்டும் பலர் அளந்து பார்ப்பது இல்லை. தரகர் சொன்ன அளவை நம்புகிறார்கள். நகையை விற்ற பணத்தையும், கடன் வாங்கிய பணத்தையும் கொடுத்து விடுகிறார்கள்.

சித்தூர் மாவட்டத்தில் கார்வேட்டிநகரம் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே ஒரு கணவனும் மனைவியும் ஓட்டு வீடு ஒன்றை வாங்கப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மனை 60 அங்கணம் என்கிறார் தரகர். அங்கணம் 18,000 ரூபாய். மொத்தம் 10,80,000 ரூபாய்.

"அண்ணா, ஒரு அங்கணம்னா எத்தனை அடி?" என்று மனைவி கேட்கிறார்.

நல்ல கேள்வி. முதலில் கேட்க வேண்டிய கேள்வியும் இதுதான்.

அங்கணம் ஊருக்கு ஊர் மாறும். திருப்பதி பக்கத்தில் 6 அடி நீளம், 6 அடி அகலம் உள்ள இடம் ஓர் அங்கணம். அதாவது 36 சதுர அடி. நெல்லூர் பக்கம் போனால் 72 சதுர அடியை ஓர் அங்கணம் என்பார்கள். பெயர் ஒன்று, அளவு இரண்டு. சென்ட் அப்படி இல்லை. எந்த ஊரிலும் ஓர் ஏக்கர் 100 சென்ட். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஆகவே அங்கணத்தில் விலை பேசினாலும், எழுதும்போது சதுர அடியில் எழுதச் சொல்லுங்கள்.

நம் கணவன் மனைவியின் மனை 36 அடி அகலம், 60 அடி நீளம் என்று பத்திரம் சொல்கிறது. பெருக்கினால் 2,160 சதுர அடி. 36ஆல் வகுத்தால் 60 அங்கணம். கணக்கு சரியாக இருக்கிறது.

ஆனால் இது காகிதத்தில் உள்ள கணக்கு. தரையில் என்ன இருக்கிறது? பக்கத்து வீட்டுக்காரர் சுவர் எழுப்பும்போது 3 அடி உள்ளே வந்திருக்கலாம். அப்போது அகலம் 33 அடிதான். 33 பெருக்கல் 60 என்றால் 1,980 சதுர அடி. அது 55 அங்கணம். 5 அங்கணம் குறைகிறது. 90,000 ரூபாய் போகிறது. பணம் மட்டுமா? அந்த 3 அடிக்காகப் பக்கத்து வீட்டாரோடு காலம் எல்லாம் சண்டை. புது வீட்டுக்குப் போன முதல் வாரமே பேச்சு வார்த்தை நின்று போகும்.

அளப்பதற்கு ஆகும் செலவு இதோடு பார்த்தால் மிகச் சிறியது.

யாரை அழைப்பது?

இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, அரசு சர்வேயர். ஆந்திரப் பிரதேசத்தில் 2019ஆம் ஆண்டு கிராம சச்சிவாலயங்கள் தொடங்கின. அப்போது கிராம சர்வேயர்களும் நியமிக்கப்பட்டார்கள். மண்டல அலுவலகத்திலும் சர்வேயர் உண்டு. எல்லையை அளந்து காட்டச் சொல்லி மீ சேவா மையத்தில் மனு கொடுக்கலாம். 'எஃப் லைன் மனு' என்று கேட்டால் அவர்களுக்குப் புரியும். கட்டணம் அவ்வப்போது மாறும். அங்கேயே கேளுங்கள். கட்டிய பணத்துக்கு ரசீது வாங்குங்கள்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மனு கொடுக்க வேண்டியவர் நிலத்தின் சொந்தக்காரர். வாங்கப் போகிறவருக்கு இன்னும் உரிமை வரவில்லை. எனவே விற்பவரிடம் சொல்லி மனு போடச் சொல்லுங்கள். கட்டணத்தை நீங்களே கொடுக்கலாம், பாதிப் பாதி என்றும் பேசலாம். "அதெல்லாம் எதுக்கு? நான் சொல்றேன் இல்ல?" என்று விற்பவர் தட்டிக் கழித்தால், அவசரப்பட வேண்டாம். அளக்க விடாதவரிடம் வீடு வாங்காமல் இருப்பது நல்லது.

இரண்டாவது வழி, உரிமம் பெற்ற தனியார் சர்வேயர். இவர் சீக்கிரம் வருவார். கூலி அதிகம். வரும் முன்பே கூலியைப் பேசி விடுங்கள். வரைபடம் போட்டுக் கையெழுத்திட்டுத் தருவாரா, கல் நடும் செலவு அந்தக் கூலியில் சேருமா என்றும் கேளுங்கள்.

எதைத் தேர்ந்தெடுப்பது? பக்கத்தில் தகராறு இல்லை, அளவு மட்டும் தெரிந்தால் போதும் என்றால் தனியார் போதும். எல்லையில் சந்தேகம் இருந்தால் அரசு சர்வேயரே சரி. அவர் அளக்கும் முன் அக்கம்பக்கத்து நிலத்துக்காரர்களுக்கு நோட்டீஸ் போகும். எல்லோரும் பார்க்க அளவு நடக்கும். நாளைக்கு வழக்கு என்று வந்தால் அந்த அளவுக்கு மதிப்பு அதிகம்.

எப்படி அளக்கிறார்கள்?

ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு சர்வே எண் உண்டு. அதன் படம் நில அளவைப் புத்தகத்தில் இருக்கும். அதை எஃப்.எம்.பி. என்பார்கள். சர்வேயர் முதலில் பழைய சர்வே கல்லைத் தேடுவார். கல்லிலிருந்து தொடங்கித்தான் அளப்பார். அந்தக் கல்லைப் பிடுங்குவதும் நகர்த்துவதும் குற்றம்.

முன்பு அளக்க இரும்புச் சங்கிலி இருந்தது. ஒரு சங்கிலி 66 அடி, அதில் 100 கண்ணிகள். இப்போது கருவிகள் வந்துவிட்டன. ஆந்திர அரசு 2020 டிசம்பரில் ட்ரோன் வைத்து மறு அளவை தொடங்கியது. மறு அளவை முடிந்த ஊர்களில் பழைய சர்வே எண்ணுக்குப் பதிலாகப் புது எண் கொடுத்திருக்கிறார்கள். அதற்கு எல்.பி.எம். எண் என்று பெயர். விற்பவரின் பத்திரத்தில் பழைய எண் இருக்கும், அரசுப் பதிவில் புது எண் இருக்கும். இரண்டும் ஒரே நிலம்தானா என்று கேட்டு உறுதி செய்யுங்கள்.

நீங்களும் ஒரு சோதனை செய்யலாம். நான்கு பக்கத்தையும் அளந்தால் மட்டும் போதாது. கட்டில் சட்டம் ஒரு பக்கம் சாய்ந்தால் என்ன ஆகும்? நான்கு சட்டமும் அதே நீளம்தான், ஆனால் நடுவில் இடம் குறைந்து விடும். மனையும் அப்படித்தான். மூலைக்கு மூலை கயிறு பிடியுங்கள். 36 அடிக்கு 60 அடி மனை நேராக இருந்தால் இரண்டு குறுக்குக் கயிறும் சுமார் 70 அடி வரும். ஒன்று நீளமாகவும் ஒன்று குட்டையாகவும் வந்தால் மனை கோணலாக இருக்கிறது. 2,160 சதுர அடி அங்கே கிடைக்காது.

ஊருக்குள் உள்ள மனை

கார்வேட்டிநகரம் முன்பு ஒரு ஜமீன். 1948ஆம் ஆண்டு சென்னை மாகாணம் ஜமீன் ஒழிப்புச் சட்டம் கொண்டு வந்தது. சித்தூர் மாவட்டம் அப்போது அந்த மாகாணத்தில் இருந்தது. அதன் பிறகு ஜமீன் ஊர்களில் அரசு நிலம் அளந்து பட்டா கொடுத்தது. வயலுக்கும் தோப்புக்கும் தனித்தனியே படம் உண்டு. ஆனால் பழைய ஊரின் நடுவே வீடுகள் உள்ள இடத்தைப் பல ஊர்களில் ஒரே எண்ணில் வைத்து விட்டார்கள். தெலுங்கில் அதைக் கிராம கண்டம் என்பார்கள். தமிழ்நாட்டில் நத்தம் என்பார்கள். அங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் தனிப் படம் இருக்காது.

அப்படியானால் என்ன செய்வது? பழைய பத்திரத்தில் நான்கு எல்லை எழுதியிருக்கும். அதுதான் செக்குபந்தி. கிழக்கே யார் வீடு, மேற்கே எந்தத் தெரு என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். எல்லைக்கும் அளவுக்கும் முரண்பாடு வந்தால், பொதுவாக நீதிமன்றம் எல்லையைத்தான் பெரிதாக எடுத்துக்கொள்ளும். பக்கத்து வீட்டுப் பெரியவர்களை வைத்துக்கொண்டு அளப்பது இங்கே மிக முக்கியம். இப்படிப்பட்ட ஊர் மனைகளை ட்ரோன் வைத்து அளந்து, வீட்டுக்காரருக்கு அட்டை கொடுக்க இந்திய அரசு 2020 ஏப்ரலில் ஸ்வாமித்வா என்ற திட்டத்தைத் தொடங்கியது. விற்பவரிடம் அந்த அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள்.

பத்திரம் தெலுங்கில் இருக்கிறதே, நமக்குத் தமிழ்தானே தெரியும் என்று தயங்க வேண்டாம். எண்கள் இரண்டு மொழியிலும் ஒன்றுதான். சர்வே எண், நீளம், அகலம், சதுர அடி ஆகிய நான்கையும் நீங்களே விரல் வைத்துப் படிக்கலாம். மற்றதைத் தெலுங்கு தெரிந்த சொந்தக்காரரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். தரகரிடம் கொடுக்க வேண்டாம்.

சுவரும் கூரையும்

இங்கிலாந்தில் வீட்டு சர்வே என்றால் பெரும்பாலும் கட்டடத்தைப் பரிசோதிப்பது என்று பொருள். வாங்குகிறவர் பணம் கொடுத்து ஆள் வைத்துப் பார்ப்பார். நம் ஊரில் அந்த வழக்கம் குறைவு. ஆனாலும் ஒரு நாள் கூலி கொடுத்து நல்ல மேஸ்திரியை அழைத்துப் போகலாம். ஓட்டு வீடு என்றால் உத்தரத்தில் கரையான் இருக்கிறதா என்று பார்ப்பார். ஜன்னல் மூலையில் சாய்வாக விரிசல் போனால் அடித்தளம் இறங்கியிருக்கலாம். தளம் போட்ட வீடு என்றால், பூச்சு உதிர்ந்து கம்பி துருப்பிடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்படி இருந்தால் இன்ஜினியரைக் கேளுங்கள். மழை பெய்த மறுநாள் போனால் ஒழுகும் இடம் தானே தெரியும்.

அளவு சரியாக இருந்தாலும் நிலம் விற்கிறவருடையதுதானா என்பதைச் சர்வேயர் சொல்ல மாட்டார். அதற்கு வில்லங்கச் சான்றிதழ் வாங்க வேண்டும். கோயில் நிலமா, அரசு நிலமா, விற்கத் தடை உள்ள பட்டியலில் இருக்கிறதா என்றும் சார்பதிவாளர் அலுவலகத்தில் விசாரிக்க வேண்டும்.

நம் கணவன் மனைவி அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார்கள். 'அளந்து வரும் சதுர அடிக்கு மட்டுமே விலை' என்பது அந்த வரி. விற்பவர் சம்மதித்தார். அளந்தார்கள். 55 அங்கணம்தான் வந்தது. விலை 9,90,000 ரூபாய் ஆனது. பக்கத்து வீட்டுக்காரர் முன்னிலையில் இப்போது உள்ள சுவரையே எல்லையாக வைத்து வரைபடம் போட்டார்கள். அந்த வரைபடத்தைப் புதுப் பத்திரத்தோடு சேர்த்துப் பதிவு செய்தார்கள். பதிவு முடிந்து பத்திரம் கைக்கு வந்ததும், மனைவி முதலில் பார்த்தது 1,980 என்ற எண்ணைத்தான்.