தட்டில் ஒட்டாத செல்கள்

மேடலின் லங்காஸ்டர் மூளை வளர்க்கக் கிளம்பியவர் அல்ல. கல்லூரியில் படித்தது உயிர்வேதியியல். சான் டியேகோவில் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டது, சிறுமூளை சரியாக உருவாகாமல் பிறக்கும் குழந்தைகளின் மரபணுக் கோளாறு. அதைச் சுண்டெலிகளில் ஆராய்ந்தார்.

பிறகு வியன்னாவில் யூர்கன் நோப்ளிக்கின் ஆய்வகம். அங்கே நரம்பு மூலச் செல்களைத் தட்டில் பரப்பி வளர்க்க முயன்றார். செல்கள் தட்டில் ஒட்டாமல் மிதந்து, உருண்டைகளாகத் திரண்டன. பலர் கொட்டிவிட்டு மறுபடி தொடங்கியிருப்பார்கள். இவர் உற்றுப் பார்த்தார். சில உருண்டைகளில் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தன. உருவாகிவரும் கண்ணின் நிறமிச் செல்கள் அவை! மூலக்கூறு உயிரியலாளர் ஒருவரின் பாதை திரும்பிய இடம் இதுதான் என்பேன்.

ஜப்பானில் யோஷிகி சசாய் 2008இலேயே மூளைப் புறணித் திசுவை வளர்த்துக் காட்டியிருந்தார். லங்காஸ்டர் சேர்த்தது ஒரு சொட்டுக் கூழ். சுண்டெலியின் கட்டியிலிருந்து எடுக்கும் புரதக் கூழ் அது; குளிரில் நீர்த்திருக்கும், உடல் வெப்பத்தில் இறுகும். அதற்குள் உருண்டையைப் பொதிந்தால் திசுவுக்குப் பிடிமானம் கிடைக்கிறது. பிறகு ஊட்டநீரில் சுழலவிட்டால் சுமார் 4 மில்லிமீட்டர் வரை வளர்கிறது. இதுதான் மூளை ஆர்கனாய்டு. ரத்தக்குழாய் இல்லாததால் நடுப்பகுதி பட்டுப்போகும். இதைக் 'குட்டி மூளை' என்று செய்திகள் எழுதுவது மிகை.

இந்த முறையை விளக்கி 2013இல் வெளிவந்த ஆய்வின் உயிர்நாடி வேறு. பிறவியிலேயே தலை சிறுத்த ஒருவரின் தோல் செல்களை மூலச் செல்களாக மாற்றி, அவற்றிலிருந்து ஆர்கனாய்டு வளர்த்தார்கள். அதுவும் சிறுத்தே வளர்ந்தது. காரணம் கண்ணெதிரே தெரிந்தது: மூலச் செல்கள் போதிய அளவு பெருகும் முன்பே நரம்புச் செல்களாக மாறிவிட்டன. விதைநெல்லைக் குத்திச் சாப்பிட்டதுபோல, பிறகு பெருக்க எதுவும் மிஞ்சவில்லை. சுண்டெலிகளில் இந்த நோயைச் சரியாகக் காண்பது கடினமாகவே இருந்துவந்தது.

2015இல் கேம்பிரிட்ஜின் மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில் லங்காஸ்டர் தனிக்குழு தொடங்கினார். மனித மூளை ஏன் இவ்வளவு பெரிது என்ற கேள்வி அங்கே வளர்ந்தது. கொரில்லா, சிம்பன்சி செல்களிலிருந்தும் ஆர்கனாய்டு வளர்த்து ஒப்பிட்டார்கள். நரம்புச் செல்லாவதற்கு முந்தைய வடிவ மாற்றத்துக்குக் குரங்கினச் செல்கள் ஏறக்குறைய 5 நாள் எடுத்தன. மனிதச் செல்கள் 7 நாள். அந்தக் கூடுதல் அவகாசத்தில் அவை மேலும் பெருகுகின்றன. இந்த மாற்றத்தைத் தூண்டும் ஸெப்2 என்ற மரபணு கொரில்லாவில் முன்கூட்டியே விழித்துக்கொள்கிறது. அதன் விளைவைத் தாமதப்படுத்தியபோது, கொரில்லா ஆர்கனாய்டும் மனிதனுடையதைப் போல நிதானமாக, பெரிதாக வளர்ந்தது.