பாலைவனத்தில் ஆர்.வி. பயணம்: ஏ.சி.யை எவ்வளவு நம்பலாம்?

அமெரிக்கப் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை விடும் மாதங்களில்தான் அரிசோனாவும் நெவாடாவும் கொதிக்கின்றன. அங்கே வாழும் நம்மவர்களின் அப்பா, அம்மா ஊரிலிருந்து வந்து தங்கியிருப்பதும் பெரும்பாலும் அப்போதுதான். படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் ஆர்.வி. வண்டியை வாடகைக்கு எடுத்து, கிராண்ட் கேன்யன் பக்கம் கிளம்புகிறார்கள். “நாங்க பார்க்காத வெயிலா?” என்பார்கள் பெரியவர்கள். பார்க்காத வெயில்தான். 2023-இல் ஃபீனிக்ஸ் நகரில் தொடர்ந்து 31 நாள் பகல் வெப்பம் 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருந்தது. அந்த ஆண்டில் அந்நகரம் அடங்கிய மாரிகோபா கவுண்டியில் மட்டும் வெப்பம் தொடர்பாக 645 பேர் இறந்தார்கள். வறண்ட காற்றில் வியர்வை உடனே காய்ந்துவிடுவதால், உடல் எவ்வளவு நீரை இழக்கிறது என்பதே தெரியாது.

கூரை ஏ.சி.யின் சக்தி

வண்டியின் கூரையில் இருக்கும் ஏ.சி. பெரும்பாலும் 13,500 அல்லது 15,000 பி.டி.யு. திறன் கொண்டது. நம் கணக்கில் ஒரு டன்னுக்குச் சற்றே அதிகம். மெல்லிய சுவரும் நிறைய ஜன்னலும் உள்ள பெட்டிக்கு அது போதும் போதாததுதான். நல்ல நிலையில் இருக்கும் ஏ.சி.கூட, தான் இழுக்கும் காற்றைவிடச் சுமார் 10 டிகிரி குறைவான காற்றைத்தான் வெளியே விடும். வண்டி 42 டிகிரிக்குச் சூடேறிய பிறகு போட்டால், குளிர மணிக்கணக்காகும். காலையிலேயே ஓடவிடுங்கள். முன்கண்ணாடியை ஒளியைத் திருப்பியனுப்பும் திரையால் மூடுங்கள். வடிகட்டியில் தூசி அடைத்திருந்தால் கழுவுங்கள். வெயில் மறைப்புத் துணி பெரும்பாலும் வண்டியின் வலப்பக்கம்தான் இருக்கும். முகப்பு தெற்கு பார்க்க நிறுத்தினால் மாலை வெயிலை அது தாங்கிக்கொள்ளும். சாம்பார் கொதிக்க வைப்பதை வெளி அடுப்பில் வைத்துக்கொள்ளலாம்.

மதியம் நின்றுபோகும் மின்சாரம்

ஆர்.வி. வண்டிகள் தங்கும் முகாம்களில் கிடைக்கும் 30 ஆம்பியர் மின் இணைப்பு, 120 வோல்ட்டில் 3,600 வாட்தான் தரும். ஏ.சி. ஓடும்போது மைக்ரோவேவையும் வெந்நீர்க் கருவியையும் சேர்த்துப் போட்டால் பிரேக்கர் விழுந்துவிடும். முகாம் முழுக்க ஏ.சி. ஓடும் மதிய வேளையில் மின்னழுத்தமும் இறங்கும். 105 வோல்ட்டுக்குக் கீழே போனால் கம்ப்ரஸர் கெடும், அணைத்துவிடுவதே நல்லது. ஆனால் உள்ளே பாட்டி தூங்கிக்கொண்டிருக்கிறார் என்றால்? ஏ.சி. நின்ற மூடிய வண்டி, வெளியே இருக்கும் நிழலைவிட வேகமாகச் சூடேறும். காற்றாடி உதவாது, 40 டிகிரிக்கு மேல் அது உடலைச் சூடாக்கவே செய்யும் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. முதியவரையும் குழந்தையையும் நாயையும் ஏ.சி.யை நம்பி வண்டியில் விட்டுவிட்டு மலையேறப் போகாதீர்கள்.

தலைவலிக்கு வெயில் மட்டும்தான் காரணமா?

இணைப்பு இல்லாத இடத்தில் ஜெனரேட்டரை ஓட்டித்தான் ஏ.சி. போடுவார்கள். அதன் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு, அசதி ஆகியவை இந்த வாயுவின் அறிகுறிகள். வெயில் களைப்பின் அறிகுறிகளும் இவையேதான்! ‘வெயில்ல அலைஞ்சது, படுத்தா சரியாயிடும்’ என்று உள்ளே போய்ப் படுப்பவர் எழுந்திருக்காமலே போகலாம். வண்டியில் இருக்கும் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் தலை வலிக்கிறது, வெளியே வந்தால் தெளிகிறது என்றால் வாயுவைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஜெனரேட்டரை அணைத்து, அனைவரும் வெளியேறி 911-ஐ அழையுங்கள். பக்கத்து வண்டியின் புகையும் உங்கள் ஜன்னலுக்குள் வரலாம். வாயுவைக் கண்டுபிடிக்கும் அலாரம் வேலை செய்கிறதா என்று, வண்டியை வாடகைக்கு எடுக்கும்போதே பொத்தானை அழுத்திப் பாருங்கள். ஜெனரேட்டரை ஓடவிட்டுத் தூங்கவே வேண்டாம் என்பது என் கருத்து.

பேச்சு குழறுவது, ஆள் தெரியாமல் உளறுவது, உடல் நெருப்பாய்ச் சுடுவது ஆகியவை ஹீட் ஸ்ட்ரோக்கின் அடையாளம். இதற்கும் 911தான். உதவி வரும்வரை உடலை நனைத்து விசிறுங்கள். கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் ஐஸ் வையுங்கள். நினைவு தப்பியவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. பாராசிட்டமால் இந்தச் சூட்டைத் தணிக்காது.

மாத்திரையும் இன்சுலினும்

சிறுநீர் பெருக்கும் மாத்திரையும் சில ரத்த அழுத்த மாத்திரைகளும் வெப்பத்தைத் தாங்கும் திறனைக் குறைக்கும். நீங்களாக நிறுத்தாமல், பயணத்துக்கு முன்பே மருத்துவரிடம் கேளுங்கள். பயன்பாட்டில் உள்ள இன்சுலின் பெரும்பாலும் 30 டிகிரிக்கு மேல் தாங்காது. பல ஆர்.வி. வண்டிகளில் இருக்கும் கேஸ் ஃபிரிட்ஜ் கடும் வெயிலில் திணறும், வண்டி சரிந்து நின்றாலும் சரியாகக் குளிராது. உள்ளே ஒரு தெர்மாமீட்டர் வையுங்கள்.

சக்கரம் எதற்கு இருக்கிறது?

வெப்பம் மிஞ்சினால் ஏ.சி.யோடு மல்லுக்கட்டாமல் மலையேறிவிடுங்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும். ஃபீனிக்ஸிலிருந்து இரண்டு மூன்று மணி நேரத்தில் எட்டிவிடக்கூடிய ஃபிளாக்ஸ்டாஃப், 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்பும் ஏறக்குறைய அதே உயரம்தான். டெத் வேலியைக் கோடைப் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம். சில வாடகை நிறுவனங்கள் அந்த மாதங்களில் வண்டியை அங்கே கொண்டுபோகவே விடுவதில்லை. கையெழுத்திடும் முன் ஒப்பந்தத்தில் அதைத் தேடிப் படியுங்கள்.