எல்லையில் ஒரு வரி, யாருடைய திறைசேரிக்கு?

பொருளியல் பாடத்தில் ‘புறவிளைவு’ பற்றிப் படிக்கிறோம். ஆலைப் புகைக்கான விலையை ஆலை முதலாளி செலுத்துவதில்லை. அதைச் சுவாசிப்பவர்களே செலுத்துகிறார்கள். அந்த ஆலை வேறொரு நாட்டில் இருந்தால் என்ன செய்வது? ஐரோப்பிய ஒன்றியம் கண்ட வழிதான் எல்லைக் காபன் வரி.

ஆலைகள் வெளிவிடும் காபனீரொட்சைட்டுக்கு விலை வைக்கும் முறை ஐரோப்பாவில் 2005 முதல் உள்ளது. அவ்வாறு விலை வைக்காத நாட்டின் உருக்கு மலிவாக வந்து குவிந்தால், ஐரோப்பிய ஆலை மூடப்படும். புகை மட்டும் இடம்மாறும். எனவே இறக்குமதியாகும் இரும்பு, உருக்கு, அலுமினியம், சீமெந்து, உரம், ஐதரசன், மின்சாரம் ஆகியவற்றுக்கும் காபன் விலை விதிக்கப்படுகிறது. 2023 ஒக்டோபரில் அறிக்கையிடும் கடமையுடன் தொடங்கிய இம்முறை, 2026 ஜனவரியில் முழுமையாக நடைமுறைக்கு வந்தது.

இதிலுள்ள ஒரு விதிதான் மற்றைய நாடுகளின் கொள்கையை அசைக்கிறது. பொருள் உற்பத்தியான நாட்டில் ஏற்கெனவே காபன் விலை செலுத்தப்பட்டிருந்தால், அத்தொகை கழிக்கப்படும். எல்லையில் 100 யூரோ செலுத்தவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சொந்த நாட்டில் 40 யூரோ செலுத்தியிருந்தால் மீதி 60 மட்டுமே. வியாபாரிக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் அரசாங்கமோ, “எப்படியும் போகும் பணம் ஏன் பிறர் திறைசேரிக்குப் போகவேண்டும்?” என்று யோசிக்கத் தொடங்குகிறது.

துருக்கியைப் பாருங்கள். அதன் மிகப்பெரிய ஏற்றுமதிச் சந்தை ஐரோப்பிய ஒன்றியம். 2016இல் கையெழுத்திட்ட பாரிஸ் உடன்படிக்கையை அது ஐந்து ஆண்டுகளாக அங்கீகரிக்கவில்லை. 2021 ஜூலையில் எல்லை வரிக்கான முன்மொழிவு வெளியானது. ஒக்டோபரில் துருக்கிப் பாராளுமன்றம் உடன்படிக்கையை அங்கீகரித்தது. 2025 ஜூலையில் காலநிலைச் சட்டத்தை நிறைவேற்றி, சொந்தக் காபன் சந்தைக்கும் வழிசெய்தது. வரி ஒன்றே காரணமன்று. ஆயினும் அதற்குப் பெரும் பங்குண்டு.

ஆனால் வரிக்கும் எல்லை உண்டு. தூய ஆலையின் பொருளை ஐரோப்பாவுக்கும், புகை கக்கும் ஆலையின் பொருளை வேறு நாடுகளுக்கும் அனுப்பிவிட்டால் உலகப் புகை குறையாது. நிலக்கரியை எரித்தே செல்வந்தரான நாடுகள், இன்று வறிய நாடுகளிடம் விலை கேட்பது நீதியா என்ற கேள்வியும் எழுகிறது.

வரி ஒரு நாட்டைச் சட்டம் எழுதவைக்கலாம். பழைய உலையை மாற்றப் பணமும் தொழினுட்பமும் வேண்டும். எல்லையில் திரட்டும் பணத்தில் ஒரு பங்கு அந்த உலைகளுக்கே திரும்பிச் சென்றால்தான், இந்த வரி சுவர் ஆகாமல் பாலம் ஆகும்.