மேற்குச் சென்னையின் நீர்ப்பிரிமேடு

செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பும்போது அதன் நீர்மட்டம் கடல் மட்டத்திலிருந்து 85.4 அடி, அதாவது சுமார் 26 மீட்டர் உயரத்தில் இருக்கும். அங்கிருந்து கடற்கரை நேர்கோட்டில் ஏறக்குறைய 25 கி.மீ. கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்தான் சரிவு. பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் மூன்றும் இத்தகைய சரிவில் அமைந்த ஊர்களே.

இந்திய நில அளவைத் துறையின் 66 சி/4 என்ற ஒரே தாளில் இம்மூன்றும் அடங்கிவிடும். 1:50,000 அளவுத் தாள்களில் சம உயரக் கோடுகள் வழக்கமாக 20 மீட்டருக்கு ஒன்று. நீலகிரியின் பள்ளத்தாக்குகளைப் படிக்க அது போதும். இங்கே, பரங்கிமலை போன்ற குன்றுகளை விட்டுவிட்டால், ஏரிக்கும் கடலுக்கும் நடுவே ஒரே கோடுதான் விழும்.

ஆனாலும் நீர்ப்பிரிமேடு இங்கும் உண்டு. பூந்தமல்லிக்கு வடக்கே கூவத்தின் வடிநிலம். தெற்கே செம்பரம்பாக்கம், அதன் உபரிநீர் சேரும் அடையாறு. இடையிலுள்ள மேடு கண்ணுக்குத் தெரியாத அளவுக்குத் தாழ்வானது. ஜமீன் கொரட்டூர் அணைக்கட்டில் கூவத்தின் நீரைத் திருப்பி, புதிய பங்காரு கால்வாய் வழியே செம்பரம்பாக்கத்துக்குக் கொண்டுவர முடிவது அதனால்தான்.

இந்த நிலத்தைச் செயற்கைக்கோள், விண்கலத் தரவுகளை மட்டும் நம்பி வரைவது தவறு. 2000இல் விண்கல ரேடார் திரட்டிய எஸ்ஆர்டிஎம் உயரத் தரவில் சில மீட்டர் பிழை சாதாரணம். அம்பத்தூர் தொழிற்பேட்டையின் கூரைகளும் தரைக் கணக்கில் கலந்துவிடும். இங்கே சென்டிமீட்டரே பேசும்.

எனவே லெவல் எடுத்தே ஆக வேண்டும். உயரம் தெரிந்த பெஞ்ச் மார்க்கில் அளவு குறித்த கோலான ஸ்டாஃபை நிறுத்தி, முக்காலியில் வைத்த கருவி வழியே பார்த்தால் அதில் தெரியும் அளவு 1.525 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த இடத்தில் 1.870. இரண்டாம் இடம் 34.5 செ.மீ. பள்ளம். இப்படியே தெருத்தெருவாகப் போய், புறப்பட்ட இடத்துக்கே திரும்பிக் கணக்கைச் சரிபார்க்க வேண்டும்.

அம்பத்தூர் ஏரியின் உபரிநீர் கொரட்டூர் ஏரிக்கும், அங்கிருந்து ரெட்டேரிக்கும் போகும். ஒவ்வொரு கலங்கலும் முந்தையதைவிடத் தாழ்வு. இந்தச் சங்கிலியை அமைத்தவர்களின் நுட்பம் முழுக்க அந்தச் சிறு வித்தியாசத்தில்தான் இருக்கிறது. கலங்கலின் உச்சி, மதகின் அடிமட்டம், வரத்துக் கால்வாயின் படுகை ஆகியவை இல்லாத வரைபடம் இங்கு எதற்கும் உதவாது. சாலைகளின் உயரமும் அந்தப் பட்டியலில் சேரும்: அரை மீட்டர் உயர்த்திப் போட்ட சாலை புதியதொரு நீர்ப்பிரிமேடு. சிறுபாலம் அடைபட்டால் தெருவின் மழைநீர் வேறு பக்கம் திரும்பும். ஆகவே சாலை உயரும்போதெல்லாம் அந்தப் பகுதிக்கு மறுபடி லெவல் எடுக்க வேண்டும்.